சிக்னல் யாரை எண்ணுகிறது?

சென்னையிலோ பெங்களூரிலோ பெரிய சந்திப்பு ஒன்றில் நிற்க நேர்ந்தால், ஒரு நிமிடம் தலையைத் தூக்கிப் பாருங்கள். சிக்னல் விளக்குகளுக்கு மேலே, சாலைக்குள் நீண்டிருக்கும் கம்பத்தில் கேமரா ஒன்று இருக்கும். சில கேமராக்கள் சிவப்பைத் தாண்டுகிறவர்களின் நம்பர் பிளேட்டைப் படம்பிடிப்பவை. வேறு சிலவற்றின் வேலை எண்ணுவது. எந்தப் பக்கம் எவ்வளவு வண்டி தேங்கியிருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி பச்சை நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவை சொல்கின்றன. செய்திகளில் ‘ஸ்மார்ட் சிக்னல்’ என்று எழுதப்படுவது இதைத்தான்.

நான் போக்குவரத்துப் பொறியாளர். படிப்பை முடித்ததும் கிடைத்த முதல் வேலை, சாலையோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டிகளை எண்ணுவது. எங்கள் தொழிலில் அதை ‘கவுண்ட் எடுக்கிறது’ என்போம். அட்டையில் செருகிய தாளில் இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், வேன், பஸ், லாரி, சைக்கிள் என்று கட்டம் கட்டியிருக்கும். நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒரு தாள். மாலை நெரிசலில் இருசக்கர வண்டிக் கட்டம் நிரம்பித் தாளின் ஓரத்துக்கு வழிந்துவிடும். அந்தத் தாள்களை வைத்து சிக்னல் நேரம் போடும் வேலைக்கு நான் வந்தது அதற்குப் பிறகுதான்.

இன்று கேமராவும் கணினியும் செய்வது அதே கவுண்ட் வேலையை. அதனால் புதிய கருவி எது வந்தாலும், அது எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். எண்ணிக்கையில் வருகிறவர்களுக்குத்தான் பச்சை கிடைக்கும். நம்மைப் போன்ற நாடுகளில் இந்தத் தொழில்நுட்பம் தடுமாறுவதற்குப் பணம், மின்சாரம், ஒழுங்கு என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரையில் சிக்கல் இந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது.

பச்சை நேரம் எப்படிப் போடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். 1958-இல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஃப்.வி.வெப்ஸ்டர் சிக்னல் நேரம் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். உலகெங்கும் எங்கள் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இன்றும் அதுதான் பாலபாடம். பச்சை விழுந்ததும், நெருக்கியடித்து நிற்கும் வண்டிகள் தடையில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை கார் ஸ்டாப் லைனைத் தாண்டும்? சாலை அகலத்தில் மீட்டருக்கு 525 என்று அவர் கணக்குச் சொன்னார். 7 மீட்டர் அகலம் என்றால் 3,675. ஒவ்வொரு பக்கமும் வந்துசேரும் வண்டிகளை, அந்தப் பக்கம் தாண்டக்கூடிய வண்டிகளால் வகுத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தின் பங்கு தெரியும். பங்கு பெரிதாக இருக்கும் பக்கத்துக்குப் பச்சையும் அதிகம். மீட்டருக்கு 525 என்ற அந்த எண்ணை, இங்கே சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸின் வழிகாட்டி நூலும் எடுத்துக்கொண்டது. கல்லூரியில் நாங்கள் அதை மனப்பாடம் செய்தோம்.

வெப்ஸ்டரின் நாட்டில் ஓடியவை பெரும்பாலும் கார்கள். இங்கே இருசக்கர வண்டியும் ஆட்டோவும் பஸ்ஸும் சைக்கிளும் கலந்து ஓடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கொண்டுவர, ஒரு காரை 1 என்று வைத்துக்கொண்டு மற்றவை அதில் எத்தனை பங்கு என்று நிர்ணயித்தார்கள். இந்த அலகை நாங்கள் ‘பிசியு’ என்போம். 1990-இல் இந்தியச் சாலை காங்கிரஸ் நகரச் சாலைகளுக்காக வெளியிட்ட பட்டியலில், இருசக்கர வண்டி நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஓடும் சாலையில் அதற்கு 0.75. அதேபோல் ஆட்டோவுக்கு 2, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 3.7, சைக்கிளுக்கு 0.5. சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு எண் இருக்கிறது. குதிரை வண்டிக்கு இருக்கிறது. கைவண்டிக்குக்கூட 3 என்று இருக்கிறது.

நடந்து போகிறவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

பட்டியலைத் தயாரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு வண்டி எவ்வளவு இடத்தை எவ்வளவு நேரம் அடைத்துக்கொள்கிறது என்பதை அளக்கத்தான் அது பிறந்தது. அந்த வேலைக்கு அது சரியான கருவி. ஆனால் பச்சையைப் பங்கு போடும் தராசாக அதையே கையில் எடுக்கும்போது விபரீதம் நடக்கிறது. காலை எட்டரை மணிக்கு 60 பேரோடு வரும் மாநகரப் பேருந்து 3.7. ஒருவர் மட்டும் ஓட்டி வரும் கார் 1. கணக்குப்படி அந்த பஸ்ஸுக்கு நான்கு கார் அளவு மதிப்புகூட இல்லை. ஒவ்வொரு பிசியுவுக்கும் பஸ்ஸில் 16 பேர் இருக்கிறார்கள், காரில் ஒருவர். கருவிக்கு இது தெரியாது. யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்காக, 2008 நிலவரத்தை வைத்து விரிவான போக்குவரத்து ஆய்வு ஒன்று தயாரானது. அதன்படி, நகரத்தின் அன்றாடப் பயணங்களில் நூற்றுக்கு 28 நடந்தே சென்றவை. பஸ்ஸில் 26, இருசக்கர வண்டியில் 25, காரில் 6. அதற்குப் பிறகு மெட்ரோ வந்தது, வண்டிகள் பெருகின, விகிதம் மாறியிருக்கும். இருந்தாலும் கார் 6 என்ற இடத்தில் என் கண் இன்னும் நின்றுவிடுகிறது. காரை 1 என்று வைத்து மற்ற எல்லோரையும் அளக்கும் ஒரு கணக்கு, பயணங்களில் கார் 6 விழுக்காடாக இருந்த ஊரில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கணக்கோடுதான் தானியங்கி சிக்னல்கள் வருகின்றன. பழைய சிக்னலில் நேரம் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கும்: காலைக்கு ஒரு திட்டம், மதியத்துக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. தானியங்கி முறையில் அவ்வப்போது எண்ணி அவ்வப்போது மாற்றுவார்கள். இதில் முன்னோடிகள் இரண்டு. 1970-களில் பிரிட்டனில் உருவான ஸ்கூட், அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்த ஸ்காட்ஸ். இரண்டும் எண்ணுவது ‘லூப்’ என்ற கம்பிச் சுருளை நம்பி. தார் மேல்பரப்பில் மெல்லிய பள்ளம் கீறி, கம்பியைச் சில சுற்றுகள் பதித்து மூடிவிடுவார்கள். மேலே உலோகம் வந்து நின்றால் சுருளில் ஓடும் மின்னோட்டத்தில் மாற்றம் தெரியும். ஒரு தடத்துக்கு ஒரு லூப். தடத்துக்குள் வரிசையாக வண்டி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இடைவெளி. அந்த இடைவெளியை வைத்தே கூட்டம் தீர்ந்துவிட்டதா என்று ஸ்காட்ஸ் கண்டுகொள்ளும்.

நம் சாலையில் அப்படியோர் இடைவெளி எங்கே இருக்கிறது? சிவப்பு விழுந்ததும் இருசக்கர வண்டிகள் பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவே நுழைந்து நுழைந்து முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. ஸ்டாப் லைனுக்கு முன்னால் ஒரு கொத்து, ஜீப்ரா கோட்டின் மேல் ஒரு கொத்து. பச்சை விழுந்த முதல் சில விநாடிகளில் அந்தக் கொத்து மொத்தமாகப் பாய்கிறது. வெப்ஸ்டரின் கணக்கில் இந்தப் பாய்ச்சல் இல்லை. அவருடைய கார்கள் முதல் விநாடிகளில் மெதுவாகக் கிளம்பிப் பிறகுதான் வேகமெடுக்கும். இரண்டு லூப்புகளுக்கு நடுவில் நிற்கும் ஸ்கூட்டர் எதிலும் பதிவாகாமல் போகும். லூப்பின் விளிம்பில் நிற்கும் ஆட்டோ இரண்டிலும் பதிவாகி இரண்டாகிவிடும். ‘நம் ஆட்களுக்கு ஒழுங்கு கிடையாது, அதனால்தான் எந்தத் தொழில்நுட்பமும் இங்கே எடுபடாது’ என்று கூட்டங்களில் யாராவது சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும். இந்தியாவில் பதிவான வண்டிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருசக்கர வண்டி. அது காரைப் போல வரிசையில் நின்றால் சாலை இன்னும் பல மடங்கு நீளமாக வேண்டும். இருக்கிற இடத்தை அவர்கள் நிரப்புகிறார்கள். அந்த ஓட்டத்தை உள்ளபடி அளக்கும் கருவியைச் செய்வது பொறியாளரின் கடமை.

செய்தும் இருக்கிறார்கள். 2012-இல் ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள், தடம் பார்க்காமல் ஓடும் கலப்புப் போக்குவரத்துக்கென்றே ஒரு லூப் அமைப்பை வெளியிட்டார்கள். பெரிய சுருள் ஒன்றுக்குள் பல சின்னச் சுருள்கள். பஸ் பெரிய சுருளை உசுப்பும்; சைக்கிள், மோட்டார் சைக்கிள் சின்னவற்றை உசுப்பும். எந்த இடத்தில் எந்த வகை வண்டி என்று பிரித்துச் சொல்லிவிடலாம். திருவனந்தபுரத்தில் இருக்கும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் இந்தியச் சாலைகளுக்கென்று காசிகாஸ்ட் என்ற சிக்னல் முறையை உருவாக்கியது. பெங்களூரில் 165 சந்திப்புகளில் அமைந்த தானியங்கித் திட்டத்தின் அடிப்படை அதுதான். சாலைக் கலப்புக்கு ஏற்ற எண்களை நம் நாட்டிலேயே அளந்து, மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்-சிஆர்ஆர்ஐ 2017-ஆம் ஆண்டுப் பதிப்பாக நெடுஞ்சாலைத் திறன் கையேடு ஒன்றைக் கொண்டுவந்தது. வெப்ஸ்டரின் 525-ஐ மனப்பாடம் செய்த எனக்கு அந்தக் கையேடு கையில் வந்த நாள் பெரிய நாள்.

கேமராவின் கதையும் இப்படித்தான். ஐரோப்பியத் தெருக்களின் படங்களைக் காட்டிப் பழக்கிய கணினிக்கு ஆட்டோ என்றால் என்னவென்று தெரியாது. ஹைதராபாத் ஐஐஐடி, இன்டெல் நிறுவனத்தோடு சேர்ந்து ஹைதராபாத், பெங்களூர் சாலைகளில் எடுத்த 10,000 படங்களை 2018-இல் பொதுவில் வைத்தது. ஒவ்வொரு படத்திலும் எது ஆட்டோ, எது மாடு, எது மண்தரை என்று கையால் குறித்திருந்தார்கள். அலுப்பூட்டும் வேலை, சாலையோரம் உட்கார்ந்து நாங்கள் கோடு கிழித்ததற்கு நெருங்கிய சொந்தம். அந்த வேலை நடந்ததால்தான் இன்று கேமராக்கள் ஆட்டோவை ஆட்டோ என்று சொல்கின்றன. அப்படியும் பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்த பத்து ஸ்கூட்டர் கேமராவுக்குத் தெரியாது. இரவில் எதிரே அடிக்கும் ஹெட்லைட்டும், ஐப்பசி அடைமழையும் கண்ணைக் கட்டிவிடும்.

சுங்கச்சாவடியில் தானியங்கித் தொழில்நுட்பம் எவ்வளவு சுலபமாக வேலை செய்கிறது பாருங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். பெரும்பாலும் பிரச்சினையில்லாமல் ஓடுகிறது. அங்கே ஒரு தடம், ஒரு தடுப்பு, ஒவ்வொரு வண்டியும் தானே தன் அடையாளத்தை ஒட்டிக்கொண்டு வருகிறது. எண்ணுவதற்குச் சிரமமே இல்லை.

அடுத்தது பராமரிப்பு. ஒரு நகரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். தானியங்கி சிக்னல் திறந்து பல மாதம் ஆன சந்திப்பு. ஒரு பக்கத்துச் சாலையில் வண்டிகள் எப்போதும் தேங்கி நிற்கின்றன, பச்சையோ பத்து விநாடிக்கு மேல் வருவதில்லை. கட்டுப்பாட்டு அறையில் அந்தப் பக்கத்தின் எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம். சாலைக்குப் போய்ப் பார்த்தால், தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று வளர்ந்து கேமராவை முழுதாக மறைத்திருந்தது. அந்தப் பக்கம் யாருமே வரவில்லை என்று கணினி நம்பியிருக்கிறது. குறைந்தபட்சப் பச்சை எவ்வளவோ அதை மட்டும் கொடுத்து, மீதியையெல்லாம் பெரிய சாலைக்குத் தந்துகொண்டிருக்கிறது. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. விளக்குகள் மூன்றும் ஒழுங்காக எரிந்தன, ஆகவே பதிவேட்டின்படி சந்திப்பு ‘நல்ல நிலையில்’ இருந்தது.

பழைய சிக்னல் கெட்டால் ஊருக்கே தெரியும், விளக்கு அணைந்துவிடும். புதிய சிக்னலில் எண்ணும் கருவி கெட்டால் வெளியே தெரியாது. நல்ல முறைகளில், எண்ணிக்கை சந்தேகமாக இருந்தால் பழைய நேரத் திட்டத்துக்குத் தானாகத் திரும்பிவிடும் ஏற்பாடு இருக்கும். அந்த ஏற்பாட்டை வாங்கியிருக்கிறோமா, வாங்கியதைச் சோதித்தோமா என்பதுதான் கேள்வி. நான் படித்த டெண்டர் ஆவணங்கள் பலவற்றில், விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதற்கு நிபந்தனையும் அபராதமும் உண்டு. எண்ணிக்கை எத்தனை விழுக்காடு சரி என்பதற்கு ஒரு வரியும் இல்லை. ஒரு ஆளை நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேமராவின் எண்ணிக்கையோடு அவர் எண்ணிக்கையை ஒத்துப்பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அதற்கான தொகை பட்டியலில் இருக்காது.

லூப் என்றால் பாடு இன்னும் அதிகம். சாலை ஒருவருடையது, சிக்னல் இன்னொருவருடையது. மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறை தார் போடும், சிக்னல் போக்குவரத்துக் காவல்துறையிடம், மின்சாரம் வாரியத்திடம். குடிநீர் வாரியம் குழாய் பதிக்கத் தோண்டும், கேபிள்காரர்கள் தோண்டுவார்கள், மெட்ரோவுக்காக சாலையே இடம் மாறும். தோண்டுகிறவருக்கு அந்தக் கம்பி அங்கே இருப்பதே தெரியாது. அறுந்தால் யாருக்குச் சொல்வது என்றும் தெரியாது. வெளிநாட்டுக் கடனில் வாங்கிய கருவி, சாலை வெட்டு அனுமதித் தாளில் ஒரு கட்டம் இல்லாததால் வீணாகிறது.

எண்ணும் கருவி கைவிட்ட இடத்தில் இன்றும் நம்மைக் காப்பாற்றுவது வெயிலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர். ஸ்மார்ட் சிக்னல் அமைத்த பிறகும் அவர் பெட்டியைத் திறந்து ‘மேனுவல்’ சுவிட்சைப் போடுகிறார் என்று ஒப்பந்தக்காரர்கள் புகார் சொல்வார்கள். சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சந்திப்பில் நின்ற ஏட்டிடம் இதைப்பற்றிக் கேட்டேன்.

“ஏன் சார், ஆட்டோமேட்டிக்ல விட்டா அதுவே மாத்திக்குமே?”

“மேடம், மூணேகாலுக்கு ஸ்கூல் விடும்னு இந்தப் பொட்டிக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அது வண்டியப் பாக்குது. நான் அந்தப் புள்ளைங்களப் பாக்குறேன்.”

அவர் சொன்னதைத் தொழில்நுட்ப மொழியில் திருப்பிச் சொன்னால், கருவியின் எண்ணிக்கையில் இல்லாதவர்கள் அவருடைய எண்ணிக்கையில் இருக்கிறார்கள். ஆம்புலன்ஸ், சவ ஊர்வலம், பிரேக் டவுன் ஆன பஸ், கண் தெரியாத பெரியவர், எல்லோரையும் அவர் பார்க்கிறார். அதற்காகக் கையால் ஓட்டுவதே சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒயர்லெஸ்ஸில் ‘மெயின் ரோட்டை விடு’ என்று உத்தரவு வந்தால் அவரும் பெரிய சாலைக்குத்தான் நீண்ட பச்சை கொடுப்பார். எல்லாப் பக்கமும் ஒருமுறை பச்சை பெற்று முடியும் ஒரு சுற்று மூன்று நிமிடம், நாலு நிமிடம் என்று போய்விடும். அடுத்த சந்திப்பில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. நாள் முழுக்கப் புகையில் நின்று ஒரு மனிதர் செய்ய வேண்டிய வேலையும் அல்ல இது.

டாக்காவில் இந்தக் கதை உச்சத்துக்குப் போனது. உலக வங்கிக் கடனில் பல சந்திப்புகளுக்குச் சிக்னல்கள் வந்தன. விளக்கு ஒரு நிறத்தைக் காட்டும், காவலரின் கை வேறொன்றைச் சொல்லும். ஓட்டுநர்கள் கையைத்தான் பார்த்தார்கள். சில இடங்களில் சாலையின் குறுக்கே கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தினார்கள். இப்போது அங்கே பங்களாதேஷ் பொறியியல் பல்கலைக்கழகத்தார் குறைந்த செலவில் உள்ளூரிலேயே செய்த சிக்னல்களை வைக்கிறார்கள். பாதி தானியங்கி, நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் காவலருக்கு இடம் உண்டு. காவலரைத் தோற்கடிக்க நினைக்காமல் அவரோடு சேர்ந்து வேலை செய்யும் கருவி என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது. காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் தெரேஸ் கிரொங்கோசி என்ற பெண் பொறியாளர் 2013-இல் சூரிய மின்சாரத்தில் இயங்கும் அலுமினிய மனித உருவங்களைச் சந்திப்புகளில் நிறுத்தினார். ஆளுயரத்தை மீறிய அந்த உருவம் காவலரைப் போலவே கையை நீட்டித் தடுத்தது. பாதசாரிகளுக்கு வழிவிடும்படி ஒலிபெருக்கியில் பேசவும் செய்தது. நடக்கிறவரை நினைவில் வைத்துக்கொண்டு ஒருவர் கருவி செய்தால் அது எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு அது ஓர் அடையாளம்.

நடக்கிறவரிடம் வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். பிசியு பட்டியலில் எண்ணே இல்லாதவர்களும், முக்கால் எண் கிடைத்தவர்களும் சேர்ந்தால் சாவுக் கணக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறார்கள்.

ஒரு சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் வேண்டும்? நடை வேகத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்து நாங்கள் கணக்கிடுவது வழக்கம். 20 மீட்டர் அகலச் சாலைக்கு 17 விநாடி. முழங்கால் வலியோடு காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பாட்டிக்கு 0.8 மீட்டர் என்று வைத்தால் 25 விநாடி. பல சந்திப்புகளில் பாதசாரி விளக்கின் பச்சை மனிதன் பத்துப் பன்னிரண்டு விநாடியில் துடிக்கத் தொடங்கிவிடுகிறான். சில சந்திப்புகளில் பச்சை மனிதனே கிடையாது. காத்திருப்பு 30 விநாடியைத் தாண்டினால் நடக்கிறவர்கள் பொறுமை இழந்து சிவப்பிலேயே கடக்கத் தொடங்குவார்கள் என்பது எங்கள் பாடப்புத்தகத்திலேயே உள்ள செய்தி. நாமோ அவர்களை இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் நிறுத்திவைக்கிறோம். பிறகு நடுவில் ஓடினார்கள் என்று குற்றம் சொல்கிறோம்.

தானியங்கி சிக்னல் இதை மோசமாக்கவும் கூடும். வண்டிகளின் தாமதத்தை மட்டும் குறைக்கச் சொன்னால், நெரிசல் நேரத்தில் கணினி கண்டுபிடிக்கும் சுலபமான வழி சுற்றை நீட்டுவது. பச்சை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறும் ஒவ்வொரு முறையும் சில விநாடி வீணாகும். சுற்று நீண்டால் மாறுவது குறையும், வீணும் குறையும். வண்டிகளின் சராசரி அழகாகிவிடும். ஓரத்தில் நிற்கிறவரின் காத்திருப்பு எந்த அட்டவணையிலும் ஏறாது.

அவரை எண்ண முடியாதா என்றால், முடியும். பிரிட்டனில் ‘பஃபின்’ என்ற கடப்புகளில் மேலிருக்கும் உணர்கருவி, இன்னும் ஆள் நடுச்சாலையில் இருந்தால் வண்டிகளுக்கான சிவப்பை நீட்டிக்கொடுக்கும். சிங்கப்பூரில் 2009 முதல், மூத்த குடிமக்கள் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால் கடப்பதற்குக் கூடுதலாக விநாடிகள் கிடைக்கும். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வரை. அங்கே இருக்கும் நம் உறவினர் வீட்டுப் பெரியவர்கள் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதற்குப் பெரிய செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவைப்படவில்லை. கிழவருக்கு நேரம் வேண்டும் என்று யாரோ ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

பணம் குறைவான நகரங்களுக்குக் கைகொடுக்கும் புதிய வழி ஒன்றும் வந்திருக்கிறது. கூகுளின் ‘கிரீன் லைட்’ திட்டம் சாலையில் கம்பி பதிப்பதில்லை, கேமரா மாட்டுவதில்லை. மேப்ஸ் செயலியில் வண்டிகள் எங்கே நின்று நின்று போகின்றன என்று பார்த்து, இந்தச் சந்திப்பில் இத்தனை விநாடி மாற்றுங்கள் என்று பொறியாளர்களுக்குச் சொல்கிறது. பெங்களூர், கொல்கத்தா, ஹைதராபாத் உட்பட 12 நகரங்களில் 70 சந்திப்புகளில் இயங்குவதாக 2023-இல் அறிவித்தார்கள். நின்று கிளம்புவது 30 விழுக்காடு வரை குறையக்கூடும் என்றும் சொன்னார்கள். லூப் அறுவதும் இல்லை, கிளை மறைப்பதும் இல்லை. நம்மைப் போன்ற நகரங்கள் இதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும் என்பேன். ஆனால் இதுவும் வண்டி நிற்பதையே எண்ணுகிறது. பூக்கூடையோடு ஓரத்தில் நிற்கும் அம்மாவின் இடுப்பில் பட்டன் போன் இருக்கிறது. அவர் நின்ற நேரம் எந்த வரைபடத்திலும் சிவப்பாகத் தெரியாது.

பஸ் விஷயத்தில் வழி இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. மாநகரப் பேருந்துகளில் ஜிபிஎஸ் உண்டு. 2022-இல் வந்த ‘சென்னை பஸ்’ செயலியில் பஸ் எங்கே வருகிறது என்று பயணி பார்க்கலாம். அந்தப் பயணியின் கைப்பேசிக்குத் தெரிந்தது, அவர் பக்கத்தில் நிற்கும் சிக்னல் பெட்டிகள் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. பஸ் 100 மீட்டரில் வந்தால் பச்சையை 8 விநாடி நீட்டு என்று சொல்வது கடினமான நிரல் அல்ல. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த 2021-க்குப் பிறகு வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் அந்த பஸ்ஸில் நிற்கிறார்கள் என்பது காலையில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு 8 விநாடி கொடுப்பதற்குத் துறைகள் இரண்டு ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை இந்தியாவிலேயே முதன்முதலாக ஏற்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தது. மனம் இருந்தால் இந்த ஊர் செய்யும் என்பதற்கு அது சாட்சி. இப்போது ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு சென்னைப் பெருநகரத்துக்கு நுண்ணறிவுப் போக்குவரத்துத் திட்டம் வருகிறது. சிக்னல்கள் எண்ணத் தொடங்கும். எதை எண்ண வேண்டும் என்று எழுதும் கட்டத்தில்தான் நாம் பேச வேண்டும். கம்பம் நட்ட பிறகு பேசிப் பயனில்லை.

நான் கேட்பவை சிறியவை. பச்சையைப் பங்கிடும்போது பிசியுவுக்குப் பதில் ஆட்களை எண்ணுங்கள். பஸ்ஸில் 60 பேர் என்றால் 60. ஒவ்வொரு சந்திப்பிலும் நடக்கிறவர் அதிகபட்சம் எத்தனை விநாடி காத்திருக்கலாம் என்று ஒரு வரம்பை டெண்டரில் எழுதுங்கள். கணினி அதற்குள் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வைத்து எண்ணி, கேமரா தவறினால் ஒப்பந்தத் தொகையில் பிடியுங்கள். அந்தச் சந்திப்பில் நிற்கும் ஏட்டையும் திட்டக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். வண்டிகளின் சராசரி வேகத்தை வெளியிடும் அதே பக்கத்தில், பாதசாரியின் சராசரிக் காத்திருப்பையும் மாதாமாதம் சந்திப்பு வாரியாக வெளியிடுங்கள். அடுத்த முறை கவுண்ட் எடுக்க அனுப்பும் தாளிலும் கட்டங்களை மாற்றுங்கள்: சைக்கிளுக்கு அடுத்து ஒரு கட்டம் நடக்கிறவருக்கு, அதற்கும் அடுத்து ஒரு கட்டம் கோலூன்றி நடக்கிறவருக்கு.